பலாப்பழம் ஏறிய படகு

நரம்பையிலிருந்து பிள்ளைச்சாவடி வரை, கரையோரமாக வடக்கே ஒரு கோடைப் பயணம்

பலாப்பழத்தைப் படகின் முன்பக்கத்தில், அணியத்தில், வைக்கக் கூடாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். அலை ஏறும்போது உருண்டு யார் காலிலாவது விழுமாம். கடைசியில் வலைக் குவியலுக்கு நடுவே பள்ளம் செய்து, கோணிப்பையைச் சுற்றி, தொட்டிலில் குழந்தையைக் கிடத்துவதுபோல அதைக் கிடத்தினார்கள். பண்ருட்டிப் பழம். பதினைந்து கிலோவுக்குக் குறையாது. பிள்ளைச்சாவடியில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் போகிறது.

"கன்னியக்கோயில்ல பஸ் ஏறி, பாண்டியில எறங்கி, அங்கேருந்து காலாப்பட்டு பஸ் புடிச்சி, இதத் தூக்கினு யாரு அலையறது? போட்டுலயே போயிடலாம். வழியில வலையும் விட்டுக்கலாம்" என்றார் பெரியவர். அந்தப் படகில்தான் எனக்கும் இடம் கிடைத்தது.

ஆனி பிறந்து ஐந்து நாள். அதிகாலை நாலு மணி. புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் கடலோரத்தில் மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம், நரம்பை, பனித்திட்டு என்று வரிசையாகக் குப்பங்கள் இருக்கின்றன. கடலூர் சாலையில் போகும் வண்டிகளுக்கு இவை பெயர்ப்பலகைகள்தான். பலகை காட்டும் திசையில் கிழக்கே திரும்பி, சவுக்குத் தோப்பும் தென்னையும் கடந்தால் மணல். மணலில் வரிசையாக ஃபைபர் படகுகள். அன்று நரம்பைக் கரையில் கல்யாண வீட்டுக் கலகலப்பு இருந்தது. தடைக்காலம் முடிந்து அது முதல் வாரம்.

தடைக்காலம் தெரியாதவர்களுக்காக: கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளும் இன்ஜின் பூட்டிய படகுகளும் கடலில் இறங்கக் கூடாது. 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கான அவகாசம் இது. துடுப்பும் பாயும் மட்டும் உள்ள கட்டுமரத்துக்குத் தடை கிடையாது. கத்திரி வெயிலில் கரையெல்லாம் படகுகள் கவிழ்ந்து கிடக்க, நாலு கட்டுமரம் மட்டும் அலையைத் தாண்டிப் போய், ஒரு கூடை கிழங்கானோ காரப்பொடியோ கொண்டுவரும். அந்த இரண்டு மாதம் கடன் வாங்காத வீடு குப்பத்தில் அரிது. வலை பின்னுவதும் படகுக்கு ஒட்டுப் போடுவதும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் அப்போதுதான் நடக்கும்.

நான் பாகூர் ஏரிக்கரை ஊர்க்காரன். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவன். கடல் எங்களுக்குச் சைக்கிள் தூரம்தான். ஆனாலும் மாசிமகத்துக்குச் சாமியோடு போய் முழங்கால் நனைத்துவிட்டுத் திரும்புவதோடு சரி. கரையிலிருந்து கடலைப் பார்த்த எனக்கு, கடலிலிருந்து கரையைப் பார்க்க வேண்டும் என்று பல வருடமாக ஆசை.

மூன்று அலைகளைத் தாண்ட வேண்டும். முதல் இரண்டில் படகின் மூக்கு மேலே எழும்பி, வயிற்றுக்குள் எதுவோ கீழே இறங்கியது. மூன்றாவது அலை உடைவதற்கு முன்பே பெரியவரின் மகன் இன்ஜினை முறுக்கி, அதன் முதுகில் ஏறி அந்தப் பக்கம் வழுக்கினார். அதற்கப்புறம் கடல் அமைதியாக இருந்தது. கரையிலிருந்து மெல்லிய கச்சான் காற்று வீசியது. மாட்டுத் தொழுவ வாசனை அதில் கலந்திருந்தது. எங்கள் ஊர் வாசனை கடலில் அவ்வளவு தூரம் வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

எட்டு பாகம் ஆழத்தில் வலை விட்டார்கள். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், ஏறக்குறைய ஆறடி. கயிற்றில் ஈயக்கட்டி கட்டி இறக்கி, கையை விரித்து விரித்து அளந்து பெரியவர் சொன்ன கணக்கு அது. படகில் ஆழம் காட்டும் கருவியும் இருந்தது. மகன் அதைப் பார்த்தார். அப்பா கயிற்றைப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போனது.

வெளுக்கும் நேரத்தில் வலை வாங்கினோம். கவலை மீன் வெள்ளித் தகடுபோல வலைக்கண்ணில் மாட்டித் துடித்தது. நடுநடுவே கானாங்கத்தை, ஒன்றிரண்டு பாறைக் குட்டிகள், ஒரு சின்னச் சீலா. கூடவே சொறி. கண்ணாடிக் குடைபோல மிதக்கும் அந்தச் சொறி கையில் பட்டால் ஒரு மணி நேரம் எரியும். கோடையில் அது கூட்டமாக வரும். வலையை உதறி உதறி அதைக் கழிப்பதிலேயே பாதி நேரம் போனது. பாடு சுமார்தான். "டீசலுக்கு ஆச்சு, வீட்டுக்குக் கொழம்புக்கு ஆச்சு" என்றார் மகன்.

வலை ஏறியதும் ஆலாக்கள் வந்துவிட்டன. கூரிய சிறகு, பிளந்த வால், தண்ணீரில் ஊசிபோல இறங்கிக் கவலையைக் கொத்தி எழும் வேகம். மேலே ஒரு செம்பருந்து அவசரமில்லாமல் வட்டமிட்டது. தான் தேடாமல், ஆலா பிடித்ததைப் பறிக்கக் காத்திருந்தது அது.

அப்போதுதான் தண்ணீரின் மேலாக எதுவோ விருட்டென்று பறந்தது. தட்டானைவிடப் பெரிது, குருவியைவிடச் சிறிது. இருபது, முப்பது அடி பறந்து மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது.

"கோலா குட்டி" என்றார் பெரியவர். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் கோலாவைப் பற்றித்தான் பேசினார்.

கோலா, அதாவது பறவைமீன், நம் கரையின் கோடை மீன். வைகாசி, ஆனி மாதங்களில் ஆழக்கடலில் முட்டையிடக் கூட்டம் கூட்டமாக வரும். அதன் முட்டைக்கு நூல்போன்ற இழைகள் உண்டு. மிதக்கும் இலையிலும் செத்தையிலும் அந்த இழை சுற்றிக்கொள்ளும். முட்டையிட அது மிதக்கும் பொருளைத் தேடும் என்று தெரிந்துகொண்ட நம் ஆட்கள், இலைக்கொத்துகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் மிதக்கவிட்டார்கள். கோலா அதை மொய்க்கும்போது வலையால் அள்ளினார்கள். பாய் விரித்த கட்டுமரத்தில், கரை கண்ணுக்கு மறையும் தூரம் போய், இரவும் தங்கிச் செய்த தொழில் இது. சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹோர்னல், சோழமண்டலக் கரையின் இந்தக் கோலாத் தொழிலைப் பற்றி 1923-ல் தனிக் கட்டுரையே எழுதினார். இந்தக் கடலில் கிடைக்கும் ஒரு கோலா வகைக்கு அவர் வைத்த விலங்கியல் பெயரில் 'கோரமண்டல்' இருக்கிறது. உலகத்து மீன் பட்டியலில் நம் கரையின் பெயரைச் சுமக்கும் மீன் அது என்பது நரம்பைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று நான் மனமார நினைக்கிறேன்.

"எங்க அப்பாரு மரத்துல போவாரு. ரெண்டு நாள் ஆவும். அம்மா கரையில வந்து குந்தினு இருக்கும். பாய் தெரிஞ்சா எழுந்திரிக்கும்" என்றார் பெரியவர். தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

கரையோடு வடக்கே

சூரியன் ஒரு ஆள் உயரம் வந்தபோது படகை வடக்கே திருப்பினோம். பிள்ளைச்சாவடி இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கச்சான் ஓய்ந்து தென்னல் காற்று எழும்பும் நேரம். தென்னலுக்கு முதுகைக் கொடுத்துப் போனால் படகு தானாகப் போவதுபோல இருக்கும்.

அந்தக் காற்றில் வடக்கே போவது நாங்கள் மட்டும் இல்லை. கரை மணலும் கூடவே போகிறது. மாசி, பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரை அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதும். மோதும் ஒவ்வொரு அலையும் மணலை ஒரு சாண் வடக்கே தள்ளும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வந்ததும் கொஞ்சம் மணல் தெற்கே திரும்பும். ஆனாலும் ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போயிருக்கும். பெரியவர் இதைக் கன மீட்டரில் சொல்லவில்லை. "மணலு நடக்கும்" என்றார்.

அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அன்று படகில்தான் உறைத்தது. எங்கள் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தருவது தென்பெண்ணை. சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து பங்காரு வாய்க்கால் வழியாக அது ஏரிக்கு வரும். பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்கள் வெட்டுவித்த வாய்க்கால் என்று ஊரில் கதை சொல்வார்கள். ஏரிக்கு வராத மிச்ச வெள்ளம் கடலூருக்குப் பக்கத்தில் கடலில் சேரும். வெள்ளத்தோடு மணலும் சேரும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்ததும், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்ததும், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் இரவோடு இரவாக மிதந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அந்தத் தண்ணீரை அன்று நான் சபித்தேன். அதே வெள்ளம்தான் கடலுக்கு மணல் ஊட்டுகிறது. ஆற்றில் அணையும் மணல் லாரியும் மிஞ்சிவிட்ட காலத்தில், கடலுக்கு ஒரு பிடி மணல் போவதே இப்படிப்பட்ட வெள்ளத்தில்தான்.

பங்குனி ஆமைக்கும் இந்த மணல்தான் பிரசவ அறை. தை முதல் பங்குனி வரை, இரவில், இந்தத் தெற்குக் கரையில் ஆமை ஏறும். பின்னங்காலால் குழி பறித்து நூறு முட்டைக்கு மேலேகூட இட்டு, மூடி, திரும்பிப் பார்க்காமல் போய்விடும். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சு வெளியே வரும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு. வனத்துறையும் தன்னார்வலர்களும் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்து வேலிக்குள் புதைத்துக் காக்கிறார்கள். நாங்கள் போனபோது குஞ்செல்லாம் கடலுக்குப் போய் முடிந்திருந்தது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பற்றிக் கேட்டேன். இழுவலையில் மாட்டி மூச்சு முட்டிச் சாவதுதான் பெரும்பாலும் காரணம். "ஆமையும் மேல வந்து மூச்சு வாங்கணும் தம்பி, நம்மள மாதிரி. வலைக்குள்ள எப்படி வாங்கும்?" என்றார் மகன். அவர் வலையில் மாட்டினால் அறுத்து விடுவாராம். வலை போனால் போகட்டும் என்பது அவர் அம்மா வைத்த சட்டம்.

நல்லவாடு வந்தது. கடலிலிருந்து பார்த்தால் மற்றக் குப்பங்களைப் போலத்தான் இருக்கிறது: வண்ணப் படகுகள், கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டி. ஆனால் இந்த ஊரைக் கடக்கும்போது என் கை தானாகக் கூப்பியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்து இந்தப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. நெல் விலை, பஸ் நேரம், மருத்துவச் செய்தியோடு மீனவ ஊர்களுக்கு அலையின் உயரமும் போனது. அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் வரும் அலைக் கணிப்பை வில்லியனூரில் எடுத்து, கடலோர ஊர்களுக்கு அனுப்ப, அங்கே ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கடலே இல்லாத வில்லியனூரிலிருந்து கடல் செய்தி! 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் டி.வி.யில் சுனாமிச் செய்தி பார்த்துப் பதறி ஊருக்குப் போன் செய்தார். தகவல் மையத்து ஒலிபெருக்கி ஊரையே எழுப்பி ஓடச் சொன்னது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊரில் அன்று உயிர்ப்பலி இல்லை. படகும் வலையும் போயின. ஆட்கள் இருந்தார்கள்.

"எங்க ஊருக்கு அன்னிக்கு யாரும் போன் பண்ணல" என்றார் பெரியவர். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தில் இன்ஜினை அணைத்துவிட்டோம். செஞ்சி மலைப்பக்கம் பிறந்து, வில்லியனூர், திருக்காஞ்சி வழியாக வரும் சங்கராபரணி இங்கேதான் கடலைத் தொடுகிறது. இன்னொரு கிளை அரியாங்குப்பத்து ஆறாகப் பிரிந்து வடக்கே போய்விடும். உள்ளே நோணாங்குப்பம் படகுக் குழாமிலிருந்து சுற்றுலாப் படகுகள் மணல்திட்டுக் கடற்கரைக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். வெளியூர்க்காரர்கள் அந்தச் சவாரியோடு திரும்பிவிடுகிறார்கள். நேரம் இருப்பவர்கள், கூட்டம் சேராத காலையில், துடுப்புப் படகில் கண்டல் ஓரமாகப் போய்ப் பாருங்கள். வேர்களுக்கு நடுவே மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் மேய்வது தெரியும். கொடுவா இங்கே வளர்ந்துதான் கடலுக்குப் போகிறது. நீர்க்காகம் சிறகை விரித்து, துணி காயப்போட்டதுபோல உட்கார்ந்திருக்கும். கோடையில் ஆற்றில் நீரோட்டம் குறைந்ததும் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கப் பார்க்கும். வாய் அடைத்தால் மீன் ஏறாது. உள்ளே தண்ணீர் கெடும். எவ்வளவு தண்ணீர் மேலேயிருந்து வருகிறதோ, அவ்வளவுக்கு வாய் திறந்திருக்கும். இதே சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக நீர் வாங்கும் ஊசுட்டேரி, 2008-ல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி. பனிக்காலத்தில் அங்கே இறங்கும் வாத்துக்கூட்டத்துக்கும், இங்கே முகத்துவாரத்தில் ஏறும் கொடுவாவுக்கும் ஒரே ஆறுதான் சோறு போடுகிறது.

அமைதியாக மிதந்துகொண்டிருந்தபோது, கடல் பக்கம் நூறு அடியில், 'புஸ்' என்று ஒரு மூச்சு. கறுத்த முதுகு, வளைந்த துடுப்பு. பிறகு இன்னொன்று. மூன்றாவதாக, தாயின் விலாவை ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி.

"ஓங்கல்" என்றார் மகன், குரலைத் தாழ்த்தி.

மூன்று டால்பின்களும் படகைச் சுற்றி ஒரு பாதி வட்டம் போட்டன. குட்டி ஒருமுறை முழு உடம்பையும் தண்ணீருக்கு வெளியே தூக்கிக் காட்டியது. ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் மடவைக் கூட்டத்தைத் துரத்தித் தின்ன அவை வருமாம். ஓங்கல் இருக்கும் இடத்தில் மீன் இருக்கும். ஆனால் அது இருக்கும்போது வலை விடுவதில்லை என்றார் பெரியவர். நான் செல்போனை எடுக்க மறந்துபோனேன். அதற்காக இன்றுவரை வருத்தமில்லை.

கல் சுவர்

சின்ன வீராம்பட்டினத்தில், 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரையில், மணல் பரந்து கிடந்தது. வீராம்பட்டினத்தில் இன்னும் அகலம். ஆடி ஐந்தாம் வெள்ளியில் செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்துக்கு ஊர் திரளும் இடம். அதைத் தாண்டி, அரியாங்குப்பத்து ஆற்று வாயில், துறைமுகத்தின் இரண்டு கருங்கல் கைகள் கடலுக்குள் நீண்டிருந்தன. அந்த ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மட்பாண்டங்கள் வந்த மேடு. ஈராயிரம் ஆண்டுக்கு முன் கப்பல் வந்துபோன வாய், இன்று விசைப்படகுகளின் வாய்.

அந்தக் கல் கைகளை 1980-களின் கடைசியில் கட்டினார்கள். அதிலிருந்து மணலின் நடை நின்றது. தெற்கே வந்து குவிந்தது; ஆற்று வாயை அடைத்தது; தூர்வார வேண்டியதாயிற்று. வடக்கே போக வேண்டியது போகவில்லை. அலை மட்டும் எப்போதும்போல வடக்கே மணலை எடுத்துக்கொண்டே இருந்தது. கொடுக்க ஆளில்லை. புதுச்சேரி நகரத்துக் கடற்கரை மணலை இழந்து கருங்கல் குவியலானது இப்படித்தான். 2018-ல் கடற்கரைச் சாலைக்கு எதிரே கடலுக்கடியில் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகு, ஒரு துண்டுக் கடற்கரை திரும்பி வந்தது. 1836-ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் படகிலிருந்து வெள்ளையாகத் தெரிந்தது. அதன் காலடியில் ஒரு கூட்டம் குடை பிடித்து நின்றது.

நகரம் முடிந்ததும் நான் கரையை மட்டுமே பார்த்தேன். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், பிறகு தமிழ்நாட்டு எல்லையில் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். மணல் இருக்க வேண்டிய இடத்தில் கல். நகரத்தைக் காக்கக் கல் கொட்டினால் அடுத்த குப்பம் அரிக்கும். அதற்குக் கல் கொட்டினால் அதற்கடுத்தது. தென்னை வேரோடு சாய்ந்து, தலை தண்ணீரில் கிடந்தது. ஒரு வீட்டின் பாதி இருந்தது. சமையலறை அலமாரி கடலைப் பார்த்துத் திறந்திருந்தது. கல்லில் ஆமை ஏறாது. படகும் ஏறாது. நகரத்துக்கு வேண்டியது கிடைத்தது. அதற்கான விலையை இந்தக் குப்பங்கள் கட்டிக்கொண்டிருக்கின்றன. மணலை இயந்திரம் வைத்துத் தெற்கிலிருந்து வடக்கே தொடர்ந்து தள்ளிவிட்டால் இவ்வளவு கேடு வராது என்று அறிஞர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். துறைமுகம் வேண்டும் என்றால் அந்தச் செலவும் துறைமுகத்தின் செலவுதான்.

பிள்ளைச்சாவடிக்கு நேரே வந்துவிட்டோம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலில் வீடுகள் சரிந்த ஊர். மருமகன் கல் குவியல் மேல் நின்று துண்டை ஆட்டினார். படகை ஒதுக்க இடம் இல்லை. அலை கல்லில் மோதித் திரும்பி, நேராக வரும் அலையோடு முட்டிக்கொண்டது. இரண்டு முறை முயன்றுவிட்டு மகன் தலையை ஆட்டினார். வடக்கே போய், கொஞ்சம் மணல் மிச்சமிருந்த இடமாகப் பார்த்துக் கரையேறினோம். அங்கிருந்து பலாப்பழம் மருமகனின் ஸ்கூட்டரில் முன்னால் உட்கார்ந்து மகள் வீட்டுக்குப் போனது. நாங்கள் மீன் கூடையோடு நடந்தோம்.

மகள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தார். சுளைகளைத் தட்டில் வைத்தார். கொட்டைகளைத் தனியே ஒதுக்கினார். கருவாட்டோடு சேர்த்துக் குழம்பு வைக்க. மூன்று வீட்டுப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"பன்னெண்டு வருசம் ஆவுதுண்ணா" என்றார் என்னிடம், பின்வாசலைக் காட்டி. "அங்கதான் எங்க கல்யாணப் பந்தல் போட்டாங்க. பந்தக்காலு நட்டது அதோ, அந்த நொரை வருது பாருங்க, அங்க."

பெரியவர் எழுந்து போனார். வாசல்படியில் நின்றார். மகள் கைகாட்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு காலையில் கடலின் ஆழம் அளந்ததுபோலவே, இரண்டு கையையும் விரித்தார். மடக்கினார். மறுபடி விரித்தார். உதடு அசைந்தது. கல் குவியலின் விளிம்பு வரை அப்படியே போனார்.

"எவ்ளோப்பா?" என்றார் மகள்.

"பதினாறு பாகம்" என்றார் பெரியவர். "இங்க வரைக்கும். அதுக்கு மேல தண்ணி."

"வந்து உக்காருப்பா. வெயிலு ஏறுது."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார். மாலையில் தென்னல் தணிந்து, இருட்டிய பிறகு கச்சான் எழும்பினால்தான் திரும்ப முடியும். அதுவரை நேரம் இருந்தது. தட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் சுளையை எடுத்துக் கடைசிப் பேத்தியின் கையில் கொடுத்தார்.